"தா" என்னும் சொல்

ஒரு பொருளை ஒருவரிடம் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டென்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்திருக்கிறார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் "ஈ" என்பான். ஒத்தவனிடம் ஒத்தவன் "தா" என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் "கொடு" என்பான். இம்மூன்றில் ஒன்றும் வாயில் வராத குழந்தைகளைப் பற்றி இவ்வாரம் வாசகர்களிடம் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டிசம் என்றும், தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்லப்படும் நிலையை 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் டாக்டர் 11 குழந்தைகளைக் கொண்டு விவரித்தார். இக்குழந்தைகளில் சிலர் சரளமாகப் பேசுவர். சிலருக்குப் பேச்சே வருவதில்லை. பேசாத பிள்ளையைத் தெய்வாம்சம் என்று ஆறுதல் கூறுவாரும் உளர். திருச்சுழி, ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் அல்லவா? ஆனால் மகரிஷியின் மௌனம் அவரே மேற்கொண்டது. இக்குழந்தையின் மௌனமோ அது விரும்பி ஏற்றதன்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் கண்மாயையும் வானத்தையும் நம்பிய வறண்ட பூமி. ஆயினும் வீட்டுக்கு வந்தவர் வாய் திறக்குமுன் செம்பில் தண்ணீர் நீட்டுவது இங்குள்ள வழக்கம். தாய்மார்கள் தங்கள் குழந்தைக்கும் அவ்விதமே செய்கிறார்கள். முகக் குறிப்பைப் பார்த்தே பசியையும் தாகத்தையும் அறிந்துகொள்கிறார்கள். அன்பின் மேன்மை அது. எனினும் கேட்பதற்குச் சந்தர்ப்பமே குழந்தைக்குக் கிடைப்பதில்லை. தாய் தறியிலோ காட்டு வேலையிலோ இருக்கும் நாளில் குழந்தை அலறுகிறது. தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது. ஊரார் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். உண்மையில், பல சமயங்களில், அது சொல் கிடைக்காத ஒரு வேண்டுகோள். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இரு அறிஞர்கள் 1985-இல் இதை ஆராய்ந்து காட்டினர். உதவியையோ கவனிப்பையோ கேட்கும் வழியைக் கற்பித்ததும், குழந்தைகளின் முரட்டுச் செய்கைகள் குறைந்தன.

கற்பிக்கும் முறை எளிது, பொறுமைதான் அரிது. குழந்தைக்கு மிகப் பிரியமான ஒன்றை, கடலை மிட்டாயையோ பம்பரத்தையோ, கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி வையுங்கள். சிறிது காத்திருங்கள். குழந்தை கேட்காவிட்டால், சொல்லையோ சைகையையோ படத்தையோ காட்டிக் கொடுங்கள். அது அரைகுறையாக முயன்றாலும் உடனே பொருளைக் கொடுத்துவிடுங்கள். நாளடைவில் உங்கள் உதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் கேட்டதை அப்பத்தாவிடமும், வீட்டில் கேட்டதைப் பள்ளியிலும் கேட்கப் பழக்குங்கள். வாய்ச்சொல் வராவிட்டால் படம் போதும். படத்தை எடுத்து ஒருவர் கையில் கொடுத்துக் கேட்கும் முறையை 1985-இல் போண்டியும் ஃபிராஸ்டும் அமெரிக்காவில் ஏற்படுத்தினார்கள். படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் "ஆவாஸ்" என்னும் செயலி நம் சென்னையிலேயே உருவானது. படம் பேச்சைத் தடுத்துவிடுமென்று அஞ்ச வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இப்பயிற்சி முறையின் பூர்வ சரித்திரத்தில் களங்கமுண்டு. 1960-களில் கலிபோர்னியாவில் குழந்தைகளை அறைந்தும், மின்சார அதிர்ச்சி கொடுத்தும் பழக்கினார்கள். அக்கொடுமையை ஒருநாளும் மறத்தலாகாது. பட்டினி போட்டுப் பேசவைப்பது கல்வியன்று. தாகத்துக்குத் தண்ணீர் எந்தப் பாடத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. "வேண்டும்" என்பதோடு "வேண்டாம்" என்பதையும் கற்பியுங்கள். அதைச் சொன்னால் மதியுங்கள். கேட்கத் தெரிந்து மறுக்கத் தெரியாத பிள்ளை கீழ்ப்படியத்தான் கற்றிருக்கிறது.

இவ்வுதவிக்காகப் பட்டணத்துக்கு ஓட வசதியில்லாதவர்கள் தங்கள் வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியரை முதலில் அணுகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. ஆகையால் அங்கே செல்வது தயவை நாடியன்று, உரிமையை நாடியே.

கோடையில் ஒரு குழந்தை பானையைக் காட்டி முதல் முறையாக "தண்ணீ" என்று சொல்லக்கூடும். அல்லது ஒரு படத்தை நீட்டக்கூடும். அதை இரப்பவனின் "ஈ" என்று எண்ணாதீர்கள். உங்களுக்குச் சமமான ஓர் உயிர் உங்களைப் பார்த்து "தா" என்கிறது. அப்படியே கேட்டு, அப்படியே கொடுங்கள்.