காற்றின் கணக்கு யார் கையில்?

2024 செப்டம்பர் 28ந் தேதி விடியற்காலை, ஓசூரை அடுத்த நாகமங்கலம் பகுதியில், கைப்பேசி உதிரிபாகங்கள் செய்யும் பெரிய ஆலையொன்றில் தீப்பிடித்தது. கரும்புகை வானளாவ எழுந்தது. தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டனர். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சிலர் மூச்சுத் திணறலுக்குச் சிகிச்சை பெற நேர்ந்தது.

தீ அணைந்தாலும், இப்படிப்பட்ட ஒவ்வொரு சம்பவத்திலும் சாதாரண ஜனங்கள் மனதில் எழும் கேள்வி அணைவதில்லை. அந்தப் புகையில் என்ன இருந்தது? எந்த ஊர்ப் பக்கம் போனது? போகிற வழியில் என்னவாக மாறியது? இக்கேள்விகளுக்குச் சில மணி நேரத்திலேயே பதில் சொல்லக்கூடிய விஞ்ஞானம் இன்று இருக்கிறது. அதைப் பற்றித் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அறிந்திருப்பது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு பிராணவாயு. கந்தகப் புகை, நைட்ரஜன் ஆக்சைடு, ஓசோன், அம்மோனியா போன்ற வாயுக்களோ நூறு கோடிப் பங்கில் சில பங்கு, மிஞ்சினால் சில பத்துப் பங்குதான். அற்பம் என்று நினைக்க வேண்டாம். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதாதா?

இந்த அற்ப வாயுக்களும் கண்ணுக்குத் தெரியாத தூசுகளும் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகின்றன என்பதை விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். வயலில் பாத்தி கட்டுவது போல ஆகாயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொள்கிறார்கள். ஒரு பாத்தியில் விழுந்த நீர் அடுத்த பாத்திக்குப் பாய்வது போல, ஒரு கட்டத்துப் புகையைக் காற்று அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறது. எவ்வளவு புகை கிளம்பியது, வெயில் அதை என்ன செய்தது, மழை எவ்வளவு கழுவியது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அளவெடுக்கும் கருவி ஓரிடத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இந்தக் கணக்கோ, அந்த அழுக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்றும் சொல்லும்.

புகை கிளம்பிய ரூபத்திலேயே நிற்பதில்லை. லாரி கக்கும் நைட்ரஜன் ஆக்சைடும், பெயின்ட், தின்னர், பெட்ரோல் ஆவிகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாகின்றன. உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கிறது. தரையருகே பிறக்கும் ஓசோன் நுரையீரலை அரிக்கிறது, பயிரின் இலையைக் கருக்கி விளைச்சலைக் குறைக்கிறது. நகரத்துச் சாலையைவிட, காற்றுப் போகும் திசையில் பல மைல் தள்ளியுள்ள கிராமத்தில் அது அதிகமாக இருப்பதுண்டு! நிலக்கரியும் டீசலும் எரிந்து வரும் கந்தகப் புகை, உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு கூடி நுண்தூசாகிறது. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத அத்தூசு நுரையீரலின் அடிவரை போகிறது. ஆலைத் தொழிலாளியின் பிரச்னை வேறு, வயலில் களையெடுப்பவளின் பிரச்னை வேறு என்று இனி யார் சொல்ல முடியும்?

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் 2018ல் டில்லிக்கு இத்தகைய முன்னெச்சரிக்கைக் கணக்கைத் தொடங்கியது. நகரத்தை 400 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். 2021லிருந்து, டில்லியின் தூசில் சுற்றியுள்ள எந்த ஜில்லாவின் பங்கு எவ்வளவு என்றும் கணக்கிட்டார்கள். டில்லிக்கு முடிந்தது ஓசூருக்கு ஏன் முடியாது?

நம் பகுதிக்குத்தான் இது மிகமிக அவசியம். ஆடி மாதத்தில் மேல்காற்று அடிக்கும்போது பொம்மசந்திரா, அத்திப்பள்ளிப் பக்கத்துப் புகை நம் பக்கம் திரும்பும். மார்கழியில் கீழ்க்காற்று நம் புகையை அவர்கள் பக்கம் தள்ளும். இடையில் இரு மாநிலங்கள், இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள். புகை செக்போஸ்டில் நின்று பெர்மிட் காட்டுவதில்லை. ஆனால் நிர்வாகம் செக்போஸ்டோடு நின்றுவிடுகிறது. 2019ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூர் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உண்டு. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரமே உள்ள ஓசூர் அந்தப் பட்டியலில் இல்லை.

"கணக்கெல்லாம் ஊகம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். குளிர்ப்பெட்டிகளில் இருந்த வாயு ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974ல் கணக்கிட்டுச் சொன்னபோது, அவ்வாயுவைத் தயாரித்த கம்பெனிகளும் இப்படித்தான் மறுத்தன. 1985ல் தென்துருவத்தின் மேல் ஓட்டையே தெரிந்தது. 1987ல் மான்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. அதே வாயு பூமியைச் சூடாக்கவும் செய்கிறது என்று 1975ல் காட்டியவர் சென்னையில் பிறந்த வீரபத்திரன் ராமநாதன். அவர் இளமையில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்ப்பெட்டித் தொழிற்சாலையில், அவ்வாயு ஏன் கசிகிறது என்று ஆராயும் வேலையில் இருந்தவர். தொழிற்சாலையில் கண்ட கசிவு எவ்வளவு தூரம் போயிற்று பாருங்கள்!

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இந்தக் கணக்கின் உயிர், எந்தப் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு கிளம்புகிறது என்ற பட்டியலில் இருக்கிறது. மஸ்டர் ரோலில் பொய்யிருந்தால் கூலிக் கணக்கு எப்படிச் சரியாகும்? டில்லிக் கணக்கின் மீதும், பழைய புகைப் பட்டியலை வைத்துப் போடப்பட்டது என்ற குறை எழுந்தது. இரவு ஷிப்டில் எந்தப் புகைபோக்கி கறுக்கிறது, எத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பது தொழிலாளிக்குத் தெரியும். கல் குவாரித் தூசு எந்தத் தோட்டத்து மாவிலையில் படிகிறது, எந்த ஓடைக்கரையில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிக்கப்படுகின்றன என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். இவர்களைக் கேட்காமல் போடும் பட்டியல் எப்படி முழுமையாகும்?

ஆகவே நாம் கோருகிறோம்: ஓசூர், கிருஷ்ணகிரி, ஆனேக்கல் பகுதிகளுக்கு எல்லை பாராத ஒரே காற்றுக் கணக்கை இரு மாநில சர்க்கார்களும் கூட்டாகத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஆலை, குவாரி, சூளையின் புகைப் பட்டியலும் தமிழிலும் கன்னடத்திலும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். அதைச் சரிபார்க்கத் தொழிற்சங்கங்களுக்கும் கிராம சபைகளுக்கும் உரிமை வேண்டும். விபத்து நேர்ந்தால் புகை போகும் திசையிலுள்ள ஊர்களுக்கு உடனே எச்சரிக்கை போக வேண்டும். 1984 டிசம்பரில் போபாலில், தங்களைக் கொல்லும் வாயு எது என்றே தெரியாமல் ஜனங்கள் மடிந்தார்கள். அந்தப் பாடம் ஒரு முறை போதும்.

கூலிக் கணக்கைக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். நாம் சுவாசிக்கும் காற்றின் கணக்கையும் கேட்போம்!