வண்டி மேலே படகு! பின்னால் வருகிறவர் யார்?

அமெரிக்காவில் கோடைகாலம் வந்துவிட்டால் சாலைகளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம்.

வண்டி மேலே படகு போகும். படகுக்குப் பக்கத்தில் இரண்டு சைக்கிள்கள் போகும். அதற்கும் பக்கத்தில் மடித்துச் சுருட்டிய கூடாரம் போகும். வண்டிக்குள்ளே அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள்.

எங்கே போகிறார்கள்?

ஏரிக்குப் போகிறார்கள். மலைக்குப் போகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டில் தங்குவார்கள். மீன் பிடிப்பார்கள். படகு விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வேலைக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சாமான்களை எல்லாம் சுமக்கிற வண்டிக்கு "பிக்அப்" என்று பெயர். முன்னால் ஆட்கள் உட்காரும் அறை. பின்னால் திறந்த தொட்டி. நம் ஊரில் "குட்டி யானை" என்று செல்லமாகச் சொல்கிறோமே, அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம். நம் குட்டி யானை கூலிக்குச் சரக்கு ஏற்றும் வண்டி. அங்கே பிக்அப் என்பது வீட்டு வண்டியும்கூட. அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். அதில்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள்.

தொடக்கத்தில் இது விவசாயிகளின் வண்டி. காரை வாங்குவார்கள். பின் பகுதியைக் கழற்றிவிட்டு, தச்சரைக் கூப்பிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்வார்கள். இதைப் பார்த்த போர்டு கம்பெனி, 1925-ம் ஆண்டில், தொட்டியோடு கூடிய வண்டியைத் தானே செய்து விற்றது. விலை 281 டாலர். விவசாயியின் வண்டியாகப் பிறந்தது, பிறகு குடும்பத்தின் வண்டி ஆனது.

தொட்டி போதவில்லை!

தொட்டியின் நீளம் எவ்வளவு? சில வண்டிகளில் ஐந்தரை அடி. சிலவற்றில் ஆறரை அடி. மிக நீளமான தொட்டி 8 அடி.

படகின் நீளம் எவ்வளவு? கயாக் என்று ஒரு படகு உண்டு. ஒல்லியாக, நீளமாக இருக்கும். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். அது 10 அடி, 12 அடி இருக்கும். அதற்கு மேலும் உண்டு.

ஐந்தரை அடித் தொட்டியில் 12 அடிப் படகை எப்படி வைப்பது? வைத்தால் பாதிப் படகு பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுப்பு, ஐஸ் பெட்டி, துணி மூட்டை இவற்றுக்கு இடம் இருக்காது.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் குறுக்குக் கம்பி.

தொட்டியின் இடது பக்கச் சுவரில் இருந்து வலது பக்கச் சுவர் வரை, குறுக்கே ஒரு கம்பி. சற்றுப் பின்னால் இன்னொரு கம்பி. இரும்பிலும் செய்கிறார்கள், அலுமினியத்திலும் செய்கிறார்கள். பல கம்பிகளுக்குத் தொட்டியில் துளை போடக்கூட வேண்டியதில்லை. தொட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பிடிகள் இருக்கின்றன. திருகினால் பிடித்துக்கொள்ளும். வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம்.

பழைய வீடுகளில் பரண் கட்டுவார்கள் அல்லவா? அதே யோசனைதான். மேலே படகும் சைக்கிளும். கீழே அடுப்பும் பெட்டியும். ஒரே தொட்டியில் இரண்டு மாடி!

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. காரின் கூரைமேல் படகை ஏற்ற வேண்டுமானால், தலைக்கு மேலே தூக்க வேண்டும். 20, 25 கிலோ எடையை அப்படித் தூக்குவது எல்லோராலும் முடியாது. தொட்டியின் விளிம்பை ஒட்டிய தாழ்வான கம்பியில், நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினால் போதும். வயதானவரும் தூக்கலாம். பெண் ஒருத்தி தனியாகவே ஏற்றி இறக்கலாம். நம்மைக் கேட்டால், உயரமான கம்பியைவிடத் தாழ்வான கம்பியே நல்லது. பாரம் கீழே இருந்தால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும். தாழ்வான பாலத்தின் அடியிலும் தைரியமாகப் போகலாம்.

(வண்டி மேலே சைக்கிள் இருப்பதை மறந்து, வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல வண்டியை நேராகக் கொட்டகைக்குள் விடுகிறவர்கள் உண்டு. அப்புறம் சைக்கிளும் இருக்காது, கொட்டகையின் நிலையும் இருக்காது!)

நிற்கும்போது ஒரு கணக்கு, ஓடும்போது ஒரு கணக்கு

கம்பியை வாங்கியவர் முதலில் என்ன கேட்கிறார்? "எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்கிறார்.

சரியான கேள்விதான். ஆனால் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

வண்டி நிற்கும்போது தாங்கும் எடை ஒன்று. வண்டி ஓடும்போது தாங்கும் எடை வேறொன்று. இரண்டாவது எடை மிகவும் குறைவு.

ஏன் அப்படி?

இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். கஷ்டம் தெரியாது. அதே குடத்தோடு மேடு பள்ளத்தில் ஓடச் சொல்லுங்கள். குடம் அதேதான், தண்ணீரும் அதேதான். ஆனால் ஒவ்வொரு குதிப்பிலும் இடுப்பில் அடி விழும். கம்பியின் நிலையும் இதுதான். சாலையில் ஒவ்வொரு பள்ளமும் கம்பிக்கு ஒரு சம்மட்டி அடி.

இப்போது கம்பியின் மேலே கூடாரம் பொருத்தும் பழக்கம் வந்திருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் விரித்து, ஏணி வைத்து ஏறி, மேலேயே படுத்துக்கொள்கிறார்கள். பாம்பு பயம் இல்லை. தரையின் ஈரம் இல்லை. கூடாரம் மட்டும் 60, 70 கிலோ இருக்கும். அதில் இரண்டு பேர் படுத்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். வண்டி நிற்கிறது, கம்பி தாங்குகிறது. "நேற்று ராத்திரி 200 கிலோ தாங்கியதே, இன்றைக்கு 200 கிலோ சாமானை ஏற்றிக்கொண்டு போனால் என்ன?" என்று நினைப்பவர் தவறு செய்கிறார்.

வண்டிக்கும் ஓர் அளவு இருக்கிறது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஆட்களும் சேர்ந்து என்பதைக் கவனியுங்கள். மாமா, மாமியையும் ஏற்றிக்கொண்டால், சாமானில் அந்த எடையைக் குறைக்க வேண்டும்!

காற்றின் கை

பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். (நீட்டக் கூடாது. சின்ன வயதில் எல்லோரும் நீட்டியவர்கள்தான்.) காற்று கையைப் பின்னுக்குத் தள்ளும். உள்ளங்கையைச் சற்றே சாய்த்தால், கையை மேலே தூக்கும்.

படகையும் காற்று அப்படித்தான் தூக்குகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் விசை நான்கு மடங்கு ஆகும். ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகத்தில் அசையாமல் இருந்த படகு, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் துள்ள ஆரம்பிக்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனால் போதும். குறுக்கே ஓர் அறை விழும்.

எனவே இரண்டு கம்பிகளிலும் படகைக் குறுக்கே கட்டினால் மட்டும் போதாது. மூக்கில் ஒரு கயிறு, வாலில் ஒரு கயிறு கட்டி வண்டியோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். பல் சக்கரம் வைத்து இறுக்கும் பட்டை ஒன்று கடையில் விற்கிறார்கள். மரத்துக்கும் இரும்புக்கும் அது நல்லது. பிளாஸ்டிக் படகை அதில் கட்டினால், நம் கைப்பலம் நமக்கே தெரியாமல் படகை நசுக்கிவிடுவோம். கையால் இழுத்து, கொக்கியில் நிறுத்தும் சாதாரணப் பட்டையே படகுக்குப் போதும். பட்டையைக் கட்டும்போது ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் காற்றில் படபடக்காது. வழி நெடுகிலும் "ர்ர்ர்" என்ற சத்தத்தைக் கேட்க வேண்டியதில்லை.

ரப்பர் கயிறு? வேண்டவே வேண்டாம். இழுத்தால் நீளுகிற கயிறு, காற்று இழுத்தாலும் நீளும்.

இன்னொரு நுட்பம் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான பிக்அப் வண்டிகளில் முன் அறை தனி, பின் தொட்டி தனி. இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கரடுமுரடான பாதையில் அறை ஒரு பக்கம் ஆடும், தொட்டி வேறு பக்கம் ஆடும். படகின் தலையை அறையின் கூரையிலும் வாலைத் தொட்டியின் கம்பியிலும் இறுக்கிக் கட்டினால், இரண்டுக்கும் நடுவில் படகு முறுக்குப்படும். காட்டுப் பாதையில் போகிறவர்கள் இரண்டு கம்பியையும் தொட்டியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

விழுந்தால் யாருக்கு?

இதுவரை சொன்னது எல்லாம் படகைக் காப்பாற்றும் வழி. படகு போனால் போகட்டும். வேறு வாங்கலாம். நாம் கேட்க வந்த கேள்வி வேறு.

அவிழ்ந்த சாமான் யார் மேல் விழுகிறது?

கட்டியவர் மேல் விழுவதில்லை. அவர் முன்னால் போய்விடுகிறார். பின்னால் வருகிறவர் மேல் விழுகிறது!

2004-ம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி நடந்தது. இளம்பெண் ஒருத்தி தன் காரை ஓட்டிக்கொண்டு போனாள். முன்னால் போன வண்டியின் இழுவைப் பெட்டியில், வீட்டுச் சாமான் ஒன்று சரியாகக் கட்டப்படாமல் இருந்தது. அதிலிருந்து ஒரு பலகை கழன்று பறந்தது. அவளுடைய கார்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முகத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தாள். இரண்டு கண்களும் போய்விட்டன.

அவளுடைய தாய் சும்மா இருக்கவில்லை. சட்டம் வேண்டும் என்று போராடினாள். மறு ஆண்டே, 2005-ல், அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. பாரத்தைச் சரியாகக் கட்டாமல் போய், அதனால் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டால், அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

இது எங்கோ ஒரு தடவை நடந்த சம்பவம் அல்ல. அமெரிக்க மோட்டார் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2011 முதல் 2014 வரை நான்கே ஆண்டுகளில், சாலையில் கிடந்த அல்லது விழுந்த பொருள்களால் 2 லட்சத்துக்கு மேற்பட்ட விபத்துகள் நடந்தன. சுமார் 39,000 பேர் காயம் அடைந்தார்கள். 500 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், வண்டியைச் சரியாகப் பராமரிக்காததும் பாரத்தைச் சரியாகக் கட்டாததும்தான்.

இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், விழுந்த பொருளுக்காக வண்டியைச் சட்டென்று ஒடித்த விபத்துகளில் இறந்தவர்கள். ஒரு மெத்தை விழுந்தால்கூடப் போதும். மெத்தை மிருதுவானதுதான். அதைப் பார்த்து ஒடிக்கும் காருக்குப் பக்கத்தில் வரும் லாரி மிருதுவானது அல்ல.

சாமான் வண்டிக்குப் பின்னால் 4 அடிக்கு மேல் நீட்டினால், நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது அங்கே பல மாநிலங்களில் சட்டம். இரவில் சிவப்பு விளக்கு வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் பாரம் நீட்டிக்கொண்டு இருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அதை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். சட்டம் இருக்கிறது. சாலையில் நீட்டிக்கொண்டு போகும் கம்பிகளும் இருக்கின்றன!

எண்ணை எழுதுங்கள்

கெட்டிக்காரப் பயணிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. புறப்பட்ட பிறகு, பத்துப் பதினைந்து மைல் போனதும், வண்டியை ஓரமாக நிறுத்துகிறார்கள். இறங்கி, ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்க்கிறார்கள். புதுப் பட்டை கொஞ்சம் தளர்ந்திருக்கும். கம்பியின் திருகு அதிர்ச்சியில் நெகிழ்ந்திருக்கும். மறுபடி இறுக்குகிறார்கள். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு அம்மா திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும்.

வாங்குகிறவர் செய்யவேண்டியது இது. விற்கிறவர் செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது.

ஓடும்போது கம்பி எவ்வளவு தாங்கும் என்ற எண் எங்கே இருக்கிறது? பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை யார் வைத்திருக்கிறார்கள்? கம்பி பத்து வருஷம் உழைக்கும். புத்தகம் பெட்டியோடு அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். கம்பியைப் பழையதாக வாங்குகிறவருக்கு அதுவும் கிடைக்காது.

அந்த எண்ணைக் கம்பியிலேயே பொறிக்கட்டும். "ஓடும்போது இவ்வளவு, நிற்கும்போது இவ்வளவு" என்று இரண்டு வரி. கண்ணாடி போடாதவருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும். கம்பியில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கம்பெனியின் பெயரை எவ்வளவு பெரிதாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள்!