யாரும் வாங்காத சம்பளம்

அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சராசரிச் சம்பளம் இன்னதென்று ஒரு தொகையைத் தடித்த எழுத்தில் போட்டு, அதன் கீழே "இவ்வளவு வாங்கிக்கொண்டுமா?" என்று அங்கலாய்க்கும் துண்டுச் செய்தி ஒன்று, இந்த வாரம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை தொடங்கி நாகல்நகர் வரைக்கும் கைபேசி கைபேசியாகப் பரவி, சராசரி என்று காதில் விழுந்தாலே ரத்தக் கொதிப்பு ஏறுகிற என்னைப் போன்ற பிரகிருதிகளின் நிம்மதியைக் கெடுத்துவிட்டது. என்னுடைய இந்த வியாதி இப்பத்தியின் பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல. சிறுமலை வாழைப்பழத்தின் சராசரி விலையைப் பற்றி எழுதியபோது வந்த வசவுக் கடிதங்கள் இன்னும் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன.

அந்தத் தொகை மெய்தானா என்று பார்க்க இறங்கினேன். ஊழியர் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தை, எவரும் கேட்பதற்கு முன்னரே பொதுவில் வைக்க வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆயினும், ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் போட்டுப் பெற்று வைத்திருந்த சில ஒன்றியங்களின் பட்டியல்களைப் பார்த்தபோதுதான், வைப்பது வேறு, படிக்கும்படி வைப்பது வேறு என்பது எனக்கு விளங்கிற்று. ஒன்று எக்செல்; ஒன்று கோணலாக எடுத்த ஜெராக்ஸின் பிடிஎஃப்; மற்றொன்று வானவில் எழுத்துருவில் அடித்தது, திறந்தால் திரை முழுதும் பொருளற்ற குறிகளாக நிற்கிறது. இவற்றைப் பைத்தான் என்னும் கணினி மொழியில் ஏற்றி, துப்புரவு செய்து, ஒன்றியவாரியாகக் கூட்டித் தருகிறேன் என்று என் தங்கை மகள் முன்வந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அலுப்புத் தட்டும் காரியம் என்று நினைத்து உட்கார்ந்தவனுக்கு அது நாவல் படிப்பதைவிடச் சுவாரசியமாக இருந்தது. 1,15,700 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி இட்ட தொகையைப் பைத்தான் எண்ணென்றே ஒப்புக்கொள்ளாமல் வெறும் எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்கிறது. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் தட்டலாம் என்பதால், கண்ணுக்கு எள்ளளவும் பேதமில்லாத இரண்டு கோவிந்தம்மாள்கள் அதன் கணக்கில் இரண்டு பிறவிகளாகிவிடுகிறார்கள். ஒரே பள்ளி 'ஊ.ஒ.தொ.பள்ளி' என்றும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்றும் 'பி.யு.பி.எஸ்.' என்றும் மூன்று அவதாரம் எடுக்கிறது. எல்லாவற்றுக்கும் சிகரம் தலைப்பெழுத்து. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் பெயரில் ஒன்று, பின் கணவர் பெயரில் ஒன்று.

"மாமா, இந்த எஸ். முத்துலட்சுமியும் ஆர். முத்துலட்சுமியும் ஒருத்தரா, ரெண்டு பேரா? ஒருத்தர்னு வச்சு ஒரு வரியை எடுத்துரவா?" என்று அவள் கேட்டாள். பணிவரிசை எண்ணைப் பார்க்காமல் எவளுடைய சம்பளத்தையும் எடுத்துவிடாதே என்றேன்.

நான் திடுக்கிட்டது தேதியில்தான். பணியில் சேர்ந்த நாள் 01.06.2009 என்றிருந்ததை, நாளே முன்னால் வரும் என்று சொல்லி வைக்காததனால், அந்நிய நாட்டு வழக்கப்படி மாதமே முன்னால் வருவதாகக் கொண்டு, 2009 ஜனவரி 6 என்று பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பு வாசித்துவிட்டது. வேறு எந்தத் தேதியில் நேர்ந்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்த ஜூன் முதல் தேதி சாதாரண நாளன்று: அதற்கு முன் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370, அன்றோ பின்னரோ சேர்ந்தவருக்கு 5,200, அதே படிப்பு, அதே வகுப்பறை, மாதம் 3,170 ரூபாய் வித்தியாசம் என்று ஆறாவது ஊதியக்குழுவின்போது விழுந்த பிளவு அது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு, 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் கல்வித்துறை அலுவலகங்கள் உள்ள டி.பி.ஐ. வளாகத்தில் பட்டினி கிடந்தும் அவர்களுக்குக் கிட்டாத முன்தேதியை, எழுத மறந்த ஒரு சொல்லால் கணினி தாராளமாக அருளிவிட்டது! அந்த 8,370-ஐயும் 5,200-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6,785 வரும். அந்தச் சம்பளத்தை இந்த ராஜ்யத்தில் எந்த இடைநிலை ஆசிரியரும் வாங்கியதில்லை. துண்டுச் செய்தி எழுதியவரோ அப்படிப்பட்ட தொகையைத்தான் எல்லார் சட்டைப் பையிலும் வைத்துத் தைத்திருக்கிறார். போதாக்குறைக்கு, கொடைக்கானல் மலையில் வேலை பார்ப்பவர் பெறும் மலைப்பகுதிப் படியும் வேடசந்தூர்ச் சமவெளிக்காரர் தலையில் பங்கிடப்பட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் என் கை அலமாரிக்குப் போகும் என்பதை வழக்கமான வாசகர் ஊகித்திருப்பார். தரம்பால் 1983-இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ'யைத்தான் சொல்கிறேன். மறுபடியுமா என்று முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன ஜாதி, எவ்வளவு கட்டணம் என்று 1822 ஜூன் 25-இல் குறிப்பெழுதிக் கலெக்டர்களைக் கேட்கச் செய்து, பதில்கள் வந்துசேர ஆண்டுக்கணக்கில் காத்திருந்த விருத்தாந்தத்தை மூல ஆவணங்களோடு அச்சேற்றிய நூல் அது. கன்னட ஜில்லாக் கலெக்டர் படிவத்தை நிரப்பவே மறுத்துவிட்டார். பெல்லாரியின் காம்பெல் நீண்ட வியாக்கியானம் எழுதினார். மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி சமர்ப்பித்துப் 'பீட்டர் பாண்டியன்' என்று பெயர் வாங்கிய ரௌஸ் பீட்டர், நம் திண்டுக்கல்லும் உள்ளடங்கிய மதுரை ஜில்லாவுக்கு 844 பள்ளிகள் என்று கணக்கு அனுப்பினார். ராஜதானி முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்.

1826 மார்ச் 10-ஆம் தேதி மன்றோ எழுதிய குறிப்பை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் இந்தத் தொகைகளல்ல. தொகையை அவர் கையாண்ட நிதானம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று வந்த விகிதத்தோடு அவர் நின்றுவிடவில்லை: பள்ளி வயதுச் சிறுவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் நாலில் ஒரு பங்கு படிக்கிறார்கள் என்று கண்டு, வீட்டிலேயே படிப்பவர்கள் பட்டியலில் வரவில்லையே என்று நினைத்து, மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம் என்று மதிப்பிட்டு, அது மதிப்பீடே என்பதையும் எழுதிவைத்தார். சென்னைப் பட்டணத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 26,000-க்கு மேல், அதாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் ஐந்து பங்கு என்று வந்த எண்ணை, பிசகியிருக்க வேண்டுமென்று சந்தேகித்தும் அடித்துவிடாமல், எண்ணையும் சந்தேகத்தையும் அருகருகே நிற்க வைத்தார். என் அபிப்பிராயத்தில், துப்புரவு என்கிற காரியத்துக்கு அதைவிட உத்தமமான முறை இன்றைக்கும் கிடையாது. அதைப் படித்துக் காட்டிய பிறகு, வரிகளை நீக்கும் கட்டளைகளை மருமகள் தானாகவே எடுத்துவிட்டு, 'ஐயம்' என்று ஒரு பத்தியைக் கடைசியில் சேர்த்து, முத்துலட்சுமிகள் இருவரையும் அதில் குறித்து வைத்தாள். ஒன்றியவாரிக் கூட்டலையும் 2009 ஜூன் முதல் தேதிக்கு முன், பின் என்று இரண்டாக்கிவிட்டாள்.

உபாத்தியாயர் சம்பளத்தைப் பற்றியும் மன்றோ சொல்கிறார்: மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அரிது, அந்த வரும்படிக்குத் தகுதியுள்ளவன் எவனும் இத்தொழிலுக்கு வரமாட்டான் என்று. அதற்கு அவர் சொன்ன பரிகாரம், கலெக்டர் கச்சேரி இருக்கும் ஊரில் பள்ளி வைத்து 15 ரூபாய், தாசில் பள்ளிக்கு 9 ரூபாய். அதாவது மதுரை வாத்தியாருக்குப் பதினைந்து என்றால், தாலுகாவாகிய திண்டுக்கல் வாத்தியாருக்கு ஒன்பது! மதுரையிடமிருந்து நாம் தனி மாவட்டமாகப் பிரிய 1985 செப்டம்பர் 15 வரை பொறுத்திருக்க நேர்ந்ததை நான் எழுதும்போதெல்லாம் மதுரை வாசகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அவர்கள் இந்த ஆறு ரூபாய் வித்தியாசத்துக்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார்களோ தெரியவில்லை. 1827-இல் மன்றோ காலராவில் மாண்டார். 1836-இல் தாசில் பள்ளிகளையே மூடி, அந்த ஒன்பது ரூபாயையும் நிறுத்திவிட்டார்கள்.