பேச்சாளரைப் பசறையிலேயே தேடுவோம்

வியாபாரச் சகோதரர்களே, இந்த வாரம் நாம் கொடுக்கும் அனுசரணைப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறேன். தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு, கல்விக் கண்காட்சி என்று பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் நிகழ்ச்சி வைக்கும்போது பதாகைக்கும் ஒலிபெருக்கிக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நம்மைப் போன்ற கடைக்காரர்களிடம்தான் வருகிறார்கள். நாமும் இல்லை என்பதில்லை. கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு மூடை பருப்பு வந்தால்கூட உள்ளே கையை விட்டுக் கிளறிப் பார்த்து எடுக்கும் நாம், இந்தப் பணத்தால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று விசாரிப்பது குறைவு.

கொழும்பில் றோயல் கல்லூரிச் சங்கம் 2004ஆம் ஆண்டு தொடங்கிய எடெக்ஸ் போன்ற பெரிய கண்காட்சிகள் உண்டு. மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் ஒரு தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வர ஒரு நாள் சம்பளமும் இரண்டு பேருக்கு பஸ் செலவும் போய்விடும். ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வழிகாட்டல் பெரும்பாலும் தன் பாடசாலை மண்டபத்தில் நடப்பது மட்டும்தான். அது சரியாக நடக்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்த நிகழ்ச்சிகளில் மேடை ஏறுவோர் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி ஆகியோரே. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தூரத்திலிருந்து சிரமப்பட்டு வருகிறார்கள், உற்சாகமாகப் பேசுகிறார்கள். ஆனால் நம் நாட்டில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவுகளும் உயர் தரத்தில் இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான். 1சி பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. இரண்டாம் வகைப் பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும். தோட்டப்புறத்தில் அப்படிப்பட்ட ஒரு பாடசாலையில் வந்து "எல்லோரும் டொக்டராகலாம்" என்று சொன்னால் போதாது. தரம் 11க்குப் பிறகு எந்தப் பாடசாலைக்குப் போவது, தங்குவது எங்கே, மாதம் என்ன செலவு என்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில், கல்வி வசதி குறைந்தவை என்று கணக்கிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு 5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது என்பதும், அவற்றில் பதுளையும் ஒன்று என்பதும் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? உற்சாகத்தோடு இந்த விபரமும் வந்தால்தான் அது வழிகாட்டல்.

அடுத்தது மண்டபத்துக்கு வெளியே போடப்படும் விளம்பரக் கூடங்கள். அவையும் கடைகள்தான். பாடநெறி என்ற சரக்கை விற்க வந்திருக்கிறார்கள். விற்பது தப்பில்லை, நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

முதலாவது, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா? பாடநெறிக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமை உண்டா, எத்தனையாம் மட்டம்? 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பட்டம் என்று சொன்னால் அதைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, முழுச் செலவு எவ்வளவு? பதாகையில் இருப்பது முதல் தவணைப் பணம் மட்டுமாக இருக்கலாம். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து எழுதிக் கேட்க வேண்டும். அதே பயிற்சி தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ பதுளை தொழில்நுட்பக் கல்லூரியிலோ இலவசமாக அல்லது குறைந்த செலவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள்? தமிழ் மொழியில் படித்த பிள்ளை சேர்ந்து இரண்டு மாதத்தில் மொழி விளங்காமல் வீடு திரும்பினால் கட்டிய பணம் போய்விடும், பிள்ளையின் மனமும் உடைந்துவிடும்.

பேச்சாளர் விடயத்துக்கு வருகிறேன். பசறைப் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். லொறி கராஜ் வைத்திருப்பவர், வீடுகளுக்கு வயரிங் செய்பவர், தோட்டத் தொழிற்சாலையின் டீ மேக்கர், ஆஸ்பத்திரித் தாதி, வங்கி உத்தியோகத்தர், கைத்தொலைபேசி திருத்துபவர், கடையில் கணக்கெழுதிப் பிறகு சொந்தக் கடை போட்டவர். பெண் பிள்ளைகளுக்கு முன்னால் பேசப் பெண்களையே அழைக்க வேண்டும். தாதி, மருத்துவ மாது, ஆசிரியை, தையலில் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர் என்று அவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எங்கே படித்தீர்கள், தொடக்கத்தில் எவ்வளவு சம்பளம், எந்த இடத்தில் கஷ்டப்பட்டீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். ஒரே தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லும் பதில் பிள்ளையின் மனதில் தங்கும்.

எங்களுக்குச் சான்றிதழ் இல்லையே என்று கராஜ்காரர் தயங்கலாம். பல வருடம் செய்த தொழிலை மதிப்பிட்டு, வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ. வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து மேடையில் காட்டினால், பயிற்சிக்குப் போவது தோற்றவர்களின் வேலை என்ற எண்ணம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் குறையும். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பத்துக்கான பல்கலைக்கழகத்தில் அந்த வழியிலேயே பட்டம் வரை போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நேரமும் முக்கியம். பல இடங்களில் சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகே கருத்தரங்கு வைக்கிறார்கள். பிள்ளை தரம் 9ஐ முடித்து 10க்குப் போகும்போதே மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்துவிடுகிறது. நண்பன் எடுத்தான் என்று தானும் எடுத்துவிடும். பிறகு வந்து பேசி என்ன பிரயோசனம்? இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு வெளியான ஒரு புகழ்பெற்ற அறிக்கை, 11 வயது முதல் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாணவனும் தொழில் தருநர் ஒருவரையாவது சந்திக்க வேண்டும் என்று சொன்னது. தொழில் தருநர் என்றால் இங்கே நாம்தான். தரம் 8, 9 மாணவர்களை வருடத்தில் ஒரு நாள் கடைக்கும் கராஜுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஆசிரியரோடு கூட்டிப் போய்க் காட்டுவதற்குப் பெரிய செலவு இல்லை.

ஒரு கசப்பான விடயத்தையும் சொல்ல வேண்டும். "படிப்பு ஏறவில்லை, கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள் முதலாளி" என்று பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16. வேலைக்கு எடுக்கும் ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. மலிவாக ஒரு கை கிடைக்கிறது என்று அந்தப் பிள்ளையை எடுத்தால் அது சட்டப்படி குற்றம். ஒரு பக்கம் கருத்தரங்குக்கு அனுசரணை, மறுபக்கம் தரம் 9 பிள்ளை நம் கடையில் மூட்டை தூக்குவது, இரண்டும் ஒன்றாகப் போகாது. அப்படி வரும் பெற்றோரை அதிபரிடம் திருப்பி அனுப்புவோம். 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில் சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் சேர்ந்து தொழிற்பாடங்களைப் படிக்கலாம் என்பதை எடுத்துச் சொல்வோம்.

இதில் நமக்கும் இலாபம் இருக்கிறது. தோட்டத்தில் சம்பளம் போடும் நாளில்தான் நம் லாச்சி நிறைகிறது என்பது யாவரும் அறிந்தது. ஒரு லயத்தில் ஒரு பிள்ளை நல்ல தொழிலுக்குப் போனால் அந்த வீடு கடன் கொப்பியிலிருந்து கைக்காசுக்கு மாறும். ஆகவே அடுத்த முறை நன்கொடைப் புத்தகம் வந்தால், தொகையை எழுதுவதற்கு முன் பேச்சாளர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் நம் ஊர்க்காரர் இரண்டு பேராவது இல்லையென்றால் பெயர்களை நீங்களே சொல்லுங்கள். கூடம் போடும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு, முழுச் செலவு, மொழி மூன்றையும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். காசு கொடுப்பவர் கேட்டால் செய்யத்தான் செய்வார்கள்.