தாய்வழியும் குருதியும்

நிந்தவூர் முதலாய கீழ்க்கரை ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் குடி எண்ணுவது தாய்வழியே. குருதி உறையா நோயாகிய ஈமோபீலியாவும் பெரும்பாலும் அவ்வழியே வருவது. தாய் நலமாயிருப்பாள், மகனுக்கோ காயத்தில் குருதி எளிதில் நில்லாது.

விக்டோரியா மகாராணியாரின் வழித்தோன்றல்களைப் பீடித்த இந்நோயின் வகை நெடுங்காலம் புலப்படவில்லை. 1918 இல் கொலையுண்ட உருசிய இளவரசன் அலெக்சியின் எலும்புகள் 2007 இல் கிடைத்தன. அவற்றின் டி.என்.ஏயை ஆராய்ந்தோர், ஒன்பதாம் உறைகாரணிக்குரிய பரம்பரையலகிற் பிழை கண்டு, அது ஈமோபீலியா பி என 2009 இல் நிறுவினர். அவன் அன்னையின் எலும்பிலும் அப்பிழை இருந்தது.

மண்ணிற் கிடந்த எலும்பே உண்மையுரைக்க, உயிரோடிருக்கும் நாம் மகளுக்கு மணம் வாய்க்காதென்றஞ்சி மறைத்தல் தகுமோ? நோயுற்றோருள் ஏறக்குறைய மூன்றிலொருவரின் குடும்பத்தில் முன்னர் இந்நோய் கண்டதேயில்லை. ஆதலின் தாயைப் பழித்தல் அறமன்று. இன்று உறைகாரணி மருந்துண்டு. சுன்னத்துக்கும் பல் பிடுங்குதற்கும் முன்னரே மருத்துவரிடம் கூறும் ஒரு சொல் உயிர் காக்கும். மருத்துவராயும் ஆசிரியராயும் விளங்கும் நம் பழைய மாணவர் இதனை வீடுதோறும் எடுத்துரைப்பாராக. குடி மறவாத நாம் குடும்பத்து நோயையும் மறையாதிருப்போம்.