எச்சரிக்கை போடு, புத்தகத்தைப் பூட்டாதே!

பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் நாவலில் பலாத்காரச் சம்பவம் வந்தால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அமெரிக்காவில் இதற்குத்தான் இத்தனை சண்டை!

சொல்லத்தான் வேண்டும். யாருக்காகச் சொல்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1999-ல் வெளிவந்த "ஸ்பீக்" (பேசு) நாவலையே எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் என்ற பெண்மணி. 9-ம் வகுப்பில் சேர இருக்கும் மெலிண்டா ஒரு விருந்துக்குப் போகிறாள். பெரிய வகுப்புப் பையன் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்துவிடுகிறான். பதறிப்போய் போலீசுக்குப் போன் செய்கிறாள். வாயில் வார்த்தை வரவில்லை. போலீஸ் வந்து விருந்து கலைகிறது. "காட்டிக் கொடுத்தவள்" என்று தோழிகளே ஒதுக்குகிறார்கள். அவள் பேச்சு அடங்கிப்போகிறது.

தமக்கும் 13 வயதில் இதே கொடுமை நடந்தது என்று 2019-ல் இன்னொரு புத்தகத்தில் ஆண்டர்சன் எழுதினார்.

அதே கொடுமைக்கு ஆளான ஒரு பெண், எதுவும் தெரியாமல் இந்தப் புத்தகத்தைப் பஸ்சில் பிரித்தால் என்ன ஆவாள்? சினிமாவுக்கு அங்கே 1968 முதல் தரம் பிரித்து எழுத்துப் போடுகிறார்கள். புத்தகத்துக்கு ஒரு வரி கூடாதா?

ரகசியம் போய்விடுமா?

"கதையின் முடிச்சே அதுதானே! முதலிலேயே சொன்னால் யார் படிப்பார்கள்?" என்கிறார்கள். நியாயம்தான். முதல் பக்கத்தில், "எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில்" என்று போட்டால் போச்சு! வேண்டியவள் புரட்டிப் பார்ப்பாள்.

அட்டையில் பெரிதாக முத்திரை குத்துவதுதான் ஆபத்து. 2010-ல் மிசவுரி மாநிலத்தில் ரிபப்ளிக் என்ற ஊரில், இந்த நாவலை ஆபாசம் என்று ஒரு பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார். பள்ளியை விட்டு எடு என்றார். (பலாத்காரத்தில் ஆபாசத்தைக் கண்டாரே, அதைச் சொல்ல வேண்டும்!) 2011-ல் அந்தப் பள்ளி நிர்வாகம் வேறு 2 புத்தகங்களை நீக்கியது, இது தப்பியது. இப்படிப்பட்டவர்கள் கையில் முத்திரையும் கிடைத்தால், அலமாரிக்குப் பூட்டுதான்.

எச்சரிக்கை மருந்தும் அல்ல. அதைப் படித்ததால் மனவேதனை குறைவதில்லை, முன்கூட்டிய படபடப்புதான் கூடுகிறது என்று 2023-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இருக்கட்டும். இப்போது படிப்பதா, பிறகு படிப்பதா என்று அந்தப் பெண்ணே முடிவு செய்வாள் அல்லவா?

பாதிக்கப்பட்டவர்களுக்காக "ரெயின்" என்ற அமைப்பு 1994 முதல் அங்கே உதவி போன் நடத்துகிறது. அந்த நம்பரையும் அதே கடைசிப் பக்கத்தில் போடலாம். அரை வரி இடம் போதும்.