வேனுக்குள்ள வீடா? எடைச்சீட்டைக் காட்டுங்க சாமி

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா போன வாரம் மட்டும் மூணு பேர் எனக்கு ஒரே மாதிரி வீடியோவை அனுப்பி வச்சுட்டாங்க. பழைய மாருதி ஆம்னி ஒண்ணை வாங்கி, பின் சீட்டைக் கழட்டி, பிளைவுட்ல கட்டில் போட்டு, சீரியல் லைட் தொங்கவிட்டு, "நாலு சக்கரத்துல நம்ம வீடு"ன்னு ஒரு தலைப்பு. கடைசி சீன் கொல்லிமலை. கதவைத் திறந்தா மேகம், கையில டீ டம்ளர்.

"மாப்ள, நீயும் இப்படி ஒண்ணு செஞ்சியே, ஐடியா குடு"ன்னு கேட்டாங்க.

குடுக்கிறேன். ஆனா கேக்க நல்லா இருக்காது.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பழைய சின்ன வேனை வீடா மாத்துற வேலை பிரேக்குலயும் டயர்லயும் எடை மேடையிலயும் ஆரம்பிக்கணும். கட்டில், மெத்தை, லைட்டு எல்லாம் அப்புறம். இதைத் தலைகீழா செஞ்சவங்க மலைப்பாதைக்கு வராதீங்க. உங்க உசுருக்காக மட்டும் சொல்லல, உங்களுக்கு முன்னாடி எறங்கிட்டு இருக்கிற டவுன் பஸ்ஸுக்காகவும் சொல்றேன்.

உடனே "இவரு பெரிய இவரு"ன்னு கெளம்பாதீங்க. தலைகீழா செஞ்ச முதல் ஆளே நான்தான் :-)

எங்க ஊர் நாமக்கல் பக்கம். லாரிக்கு பாடி கட்டுற பட்டறைகளுக்குப் பேர் போன ஊரு. பொட்டி தட்டுற வேலைக்கு வந்துட்டாலும் ரத்தத்துல கொஞ்சம் வெல்டிங் புகை இருக்கும்ல? அந்தத் திமிர்லதான் 2003 மாடல் ஆம்னி ஒண்ணை வாங்கினேன். ஆமா, சினிமால ஆளைக் கடத்துறதுக்குன்னே நேந்துவிட்ட அதே வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர், 40 குதிரை கூட இல்லாத இஞ்சின், 12 அங்குல சக்கரம். வெறும் வண்டி சுமார் 800 கிலோ. நீளம் 3.37 மீட்டர். அதுக்குள்ள அரண்மனை கட்டணும்னு ஆசை.

ஆசாரி ஒருத்தரைப் பிடிச்சு நாலே நாள்ல முடிச்சாச்சு. நானும் நண்பனும் (பேர் வேண்டாம், அவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காங்க) சனிக்கிழமை காலைல காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாழவந்தி நாட்டுல தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தித் தூங்கினோம். ஏறும்போது இஞ்சின் அழுதுச்சு. "பழைய வண்டி, அப்படித்தான்"னு சொல்லிக்கிட்டோம்.

ஞாயிறு இறக்கம். மலைல இறங்கும்போது வளைவு நம்பர் 70ல இருந்து கொறைஞ்சுக்கிட்டே வரும். பாதி நம்பர் வர்றதுக்குள்ள ஒரு கருகின வாடை. அடுத்த ரெண்டு வளைவுல பெடல் மெத்துனு ஆயிருச்சு. அதுக்கும் அடுத்ததுல கால் தரையைத் தொட்டுச்சு, வண்டி நிக்கல. கியரை முதலாவதுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச் சுவர் பக்கமா ஒட்டி ஒட்டி ஒருவழியா நிறுத்தினேன். நண்பன் பேசவே இல்ல. அவன் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல.

பின்னாடி மரவள்ளிக் கிழங்கு ஏத்திட்டு வந்த பிக்கப் டிரைவர் ஒருத்தர் நிறுத்தினார். நண்பன் தண்ணி கேனை எடுத்துட்டு டயர் பக்கம் ஓடுறான். அவர் கத்தினார்.

"தம்பி, தண்ணிய ஊத்தாதீங்க! சூட்டுல டிஸ்க் கோணிக்கும். அப்படியே விடுங்க, ஆறட்டும்."

அப்புறம் கதவைத் திறந்து உள்ள எட்டிப் பாத்தார். கட்டிலைத் தட்டினார். கேட்டது ஒரே கேள்வி.

"எத்தன கிலோ ஏத்தியிருக்கீங்க?"

இஞ்சினியரிங் படிச்ச ரெண்டு பேர் நின்னுட்டு இருக்கோம். ஒருத்தனுக்கும் பதில் தெரியல. அவ்வ்வ்வ்...

"எத்தன கிலோன்னே தெரியாம எப்படிங்க மலைக்கு வந்தீங்க? செகண்டுலயே எறங்குங்க. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதுலதான் எறங்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். முக்கா மணி நேரம் ஆற வச்சு, நடக்கிற வேகத்துல கீழ வந்தோம். வந்ததும் முதல் வேலையா எடை மேடையில ஏத்தினேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா கணக்குப் போட்டேன்.

18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 30 கிலோவுக்கு மேல. நாலு ஷீட், ஆணி, ஸ்க்ரூ: 125 கிலோ.
வீட்டு இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி: 65.
தண்ணி: 40.
மெத்தை: 15.
அடுப்பு, சிலிண்டர், பாத்திரம்: 25.
மேல கேரியர், சோலார் பேனல்: 30.
டூல்ஸ், பை, இத்யாதி: 40.

மொத்தம் 340. நாங்க ரெண்டு பேர் 140. கழட்டின சீட்டுக்கு 25 கழிச்சா 455 கிலோ. அஞ்சு பேர் உக்கார்ற வண்டின்னு கம்பெனி போட்ட கணக்கு ஆளுக்கு 70 வச்சாலும் 350தான். அதாவது, "ரெண்டே பேர் போறோம், வண்டி ஃப்ரீயா இருக்கு"ன்னு நெனச்சப்போ உள்ள ஆறரை பேர் இருந்தாங்க. அதுல பாதிப் பேர் கூரை மேலயும் பின் அச்சு மேலயும்.

இப்ப பிளஸ் டூ பிசிக்ஸ். வண்டியும் சாமானும் 1,250 கிலோ. இறக்கம் ஒரு கணக்குக்கு 1,000 மீட்டர்னு வைங்க. அந்த சக்தி மொத்தமும் எங்கயாவது போயாகணும். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 3.4 யூனிட் கரண்ட். 2,000 வாட்ஸ் கீசரை ஒண்ணே முக்கா மணி நேரம் ஓடவிட்ட சூடு. இஞ்சினை விட்டு வண்டியை இழுத்துப் பிடிக்காம மூணாவது கியர்ல ஜாலியா வந்தா, அந்தச் சூட்டுல பெரும்பங்கு உள்ளங்கை அளவு பிரேக் பேட்லயும் ஷூலயும்தான் இறங்கும்.

இதுல பிரேக் ஆயில் வேற. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும். ஈரம் ஏறினதுக்கு அந்தத் தரத்துல கேக்கிறதே 140 டிகிரிதான். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. ஆவியை அமுக்கினா அமுங்கும், அவ்வளவுதான், பிரேக் பிடிக்காது. என் வண்டியில அந்த ஆயிலை முந்தின ஓனர் எப்ப மாத்தினார்னு அவருக்கே தெரியாது. நான் கேக்கவும் இல்ல. திரைச்சீலை என்ன கலர்னு மட்டும் ஒரு வாரம் யோசிச்சேன்.

இதைத்தான் நான் தப்புங்கறேன். அந்த வீடியோக்கள்ல பிரேக்குக்கு எத்தன நிமிஷம்? பூஜ்யம். டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அதை ஒருத்தராவது காட்டினாங்களா? ஸ்லைடிங் கதவு ரெயிலுக்குக் கீழயும் தரை மேட்டுக்கு அடியிலயும் துரு தின்னிருக்கும். அதை டிங்கரிங் பட்டறையில வெட்டி எடுத்து ஒட்டாம, மேல பிளைவுட்டைப் போட்டு மூடினா, மழைத்தண்ணி உள்ளயே தங்கி வேகமா தின்னும். குளிருதுன்னு கதவையெல்லாம் சாத்திட்டு உள்ள கரி அடுப்போ கேஸ் அடுப்போ பத்த வைக்கிறாங்க பாருங்க, அது தற்கொலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும்.

"நாமக்கல்காரன் நீயே பாடி கட்டுறதைக் கொறை சொல்லலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டார். ஐயா, நாமக்கல்காரனா இருக்கிறதாலதான் சொல்றேன். லாரி பட்டறைக்கு வர்றது பாடி கட்டுறதுக்குன்னே கம்பெனி விக்கிற சேசிஸ். மொத்த எடை எவ்வளவுன்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கும், அதுக்குள்ளதான் பட்டறைக்காரர் பாடி கட்டுவார். ஆம்னிக்கு தனி சேசிஸே கிடையாது, பாடியேதான் பலம். அதுல கூரையை வெட்டி ஒசத்துறேன், சைடுல ஜன்னலுக்கு ஓட்டை போடறேன்னு கெளம்பினா, வண்டியோட எலும்பை வெட்டறீங்கன்னு அர்த்தம்.

சட்டமும் இதையேதான் சொல்லுது. 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52வது பிரிவு: கம்பெனி குறிச்ச விவரத்துல இருந்து ஆர்.சி. விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில, கேரளால இருந்து போன வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிருச்சு. அதே வருஷ சட்டத் திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும்னு சேத்துட்டாங்க. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க இதைத்தான் முதல்ல நோண்டுவாங்க.

சட்டம் பயப்படுறது நியாயமான பயம். அதுல எனக்குச் சண்டை இல்ல. என் சண்டை வேற. 2004ல மத்திய அரசு போட்ட வாகன வகைப் பட்டியல்லயே சொந்த உபயோக கேம்பர் வேன்னு ஒரு வகை இருக்கு. கேரவன் தயாரிக்கிறவங்களுக்கு ஏஐஎஸ்-124னு ஒரு தர விதியும் இருக்கு. கேரளால 2021ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டுவந்தாங்க. எல்லாம் பெரிய கம்பெனிக்கும் பெரிய வண்டிக்கும். ஒத்தை ஆம்னி வச்சிருக்கிறவன் "சார், நீங்களே எடை போட்டு, பிரேக் பாத்து, சரியா இருந்தா சீல் குத்துங்க"ன்னு போய் நின்னா? நான் ஒரு அலுவலகத்துல நின்னேன். சிரிச்சாங்க. 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2022ல 600ல இருந்து 5,000 ஆக்கத் தெரியுது. 2025ல, 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000 ஆக்கத் தெரியுது. அந்தக் காசுக்கு ஒரு எடை மேடை, ஒரு பிரேக் டெஸ்ட், ஒரு சீல் தரக்கூடாதா? நேர்மையா வந்து கேக்கிறவனுக்கு வழி இல்லன்னா, எல்லாரும் திருட்டுத்தனமா பிளைவுட் அடிப்பான். மலையில பெடல் அமுங்கும்.

அதுவரைக்கும் என்ன செய்யறது? கழட்டி வைக்கிற மாதிரி செய்ங்க. இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. 1951ல ஜெர்மனியில வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு முதல்ல போட்டதே கழட்டி எடுக்கிற பெட்டிதான். வாரநாள்ல வேலை வண்டி, லீவுல வீடு. ஜப்பான்ல ஆம்னி சைஸ் குட்டி வேன்லயே சுத்துறவங்க ஏராளம். 3.4 மீட்டர் நீளம், 660 சிசி, அந்த வகைக்கு சுமை வரம்பு 350 கிலோ. அதுக்குள்ள வாழக் கத்துக்கிட்டாங்க.

நான் அப்புறம் எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சேன். முதல்ல மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஷூ, பேட், ஹோஸ், புது ஆயில். அடுத்து அஞ்சு டயர். அடுத்து துரு. கடைசியாதான் கட்டில்: அலுமினியக் குழாய், 6 மி.மீ. பிளைவுட், பின் சீட்டை மடக்கி அது மேல உக்கார்ற மாதிரி. சீட்டு வண்டியிலயே இருக்கு, ஆர்.சி.யும் மாறல. சின்ன லித்தியம் பேட்டரி, 10 லிட்டர் தண்ணி. (மலையில தண்ணிக்கா பஞ்சம்?) கூரை மேல ஒண்ணும் கிடையாது. சமையலும் கிடையாது, மலைல டீக்கடை இருக்கு. சாமான் மொத்தம் 100 கிலோ. எடைச்சீட்டு டேஷ்போர்டுல ஒட்டியிருக்கு.

திரும்ப வாழவந்தி நாட்டுக்குப் போனோம். செகண்ட் கியர்லயே எறங்கினோம். கீழ வந்து வீலுக்குப் பக்கத்துல கைய வச்சுப் பாத்தேன், சூடு இருந்துச்சு, வாடை இல்ல. நண்பன் 70 வளைவும் மூச்சு விடாம பேசிட்டே வந்தான். தாங்கல :-)

திட்டணும்னு நெனைக்கிறவங்க தாராளமா பின்னூட்டத்துல திட்டுங்க. "எங்க வேனுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்களும் வாங்க. ஆனா வரும்போது எடைச்சீட்டோட வாங்க. அந்த பிக்கப் அண்ணன் கேட்ட அதே கேள்விதான் நானும் கேப்பேன். எத்தன கிலோ?

டிஸ்கி: ஆசாரி மேல தப்பே இல்ல. அவர்கிட்ட கட்டில் கேட்டேன், நல்ல கட்டிலா செஞ்சு குடுத்தார். இப்ப அது எங்க வீட்டுத் திண்ணைல இருக்கு. அப்பா மத்தியானம் அதுலதான் தூங்கறார். ஆடவே மாட்டேங்குது.